வரிசையில் பதினேழாவது ஆள்

பாப்பா, டெக்சாஸில் இந்த ரவுண்ட் ராக்கில் நாம் இருக்கும் அபார்ட்மென்டில் நீச்சல் குளம் திறந்துவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிப்போவது என் பொறுப்பு. உங்கள் அம்மாவுக்குச் சனி, ஞாயிறு ஆஸ்பத்திரி டியூட்டி. உன் தம்பியோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்தால் ஏழெட்டுப் பேர் ஆகிவிடும். தண்ணீரை விட்டு ஏறும்போது ஒரு தலை குறைந்தாலும் எனக்கு நெஞ்சு நின்றுவிடும். அதனால் எல்லாரையும் சுவரோரம் வரிசையாக நிறுத்தி, "பாங்கோ" என்று கத்துவேன். முதல் பிள்ளை "இச்சி" என்று கத்தும். அடுத்தது "நீ". அப்புறம் சான், சீ, கோ, ரோக்கு, சீச்சி, ஹாச்சி. தடுமாறினால் தம்பிக்குத் தலையில் ஒரு குட்டு. மற்றவர் பிள்ளைகளைத் தொட இந்த ஊரில் பயம், அவர்களுக்கு முகத்தில் தண்ணீர் தெளிப்பு. தெலுங்குப் பிள்ளை, குஜராத்திப் பிள்ளை என்று எல்லாருக்கும் இது மனப்பாடம். "அங்கிள், ஒன் மோர் டைம்" என்று கெஞ்சுவார்கள்.

இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அப்பா. எனக்கும் தடுமாறினால் குட்டுத்தான். அப்பா மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஒன்பது வயதில் கப்பலில் ஊருக்கு வந்தவர். "அங்க கத்துக்கிட்டது" என்பார். எங்கள் தெருவில் எல்லாருமே அதை மலாய்க் கணக்கு என்றுதான் சொன்னோம். நான் அமெரிக்காவுக்கு வந்தபோது கொண்டுவந்த ஒரே சொத்து என்று உங்களிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

போன ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் கத்தி முடித்ததும், குளத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். மூன்றாவது பில்டிங்கில் குடியிருக்கும் ஜப்பான்காரர். பாப்பா, உன் கிளாஸில் படிக்கும் பையனின் அப்பா. அவருக்கும் என்னைப் போல இங்கிலீஷ் தேடித் தேடித்தான் வரும். நாங்கள் பேசியதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"நீங்கள் ஜப்பானில் வேலை பார்த்தவரா?" என்று கேட்டார்.

"இல்லையே."

"பிள்ளைகள் ஜப்பான் எண் சொல்கிறார்கள்."

"இது மலாய்க் கணக்கு. என் அப்பா சொல்லிக்கொடுத்தது."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, ரொம்பச் சந்தோஷமாக. "இல்லை, இல்லை. இது ஜப்பான். நீங்கள் முதலில் கத்தினீர்களே, அதுவும். பட்டாளத்தில் அதிகாரி அப்படிச் சொன்னால் வரிசையில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக எண் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்கூலிலும் டிரில் கிளாஸில் செய்திருக்கிறோம். உங்கள் அப்பாவுக்கு ஜப்பான் சிநேகிதர் யாராவது உண்டா?"

பிள்ளைகளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

என் தாத்தா கதையை அப்பா இரண்டே வரியில்தான் சொல்வார். ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த பிறகு, ஒருநாள் தோட்டத்து ஆபீஸ் முன்னால் ஆண்களை எல்லாம் வரச் சொன்னார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாதம், அரிசி உண்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்று தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி தமிழில் சொன்னாராம். வரிசையில் நிறுத்தி, எண்ணி, லாரியில் ஏற்றினார்கள். அந்த லாரியில் போன ஒருவரும் திரும்பவில்லை. கடிதமும் இல்லை, சாம்பலும் இல்லை. இன்ன நாள் செத்தார் என்று சொல்லக்கூட யாரும் வரவில்லை. அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. வேலியோரம் நின்று பார்த்தாராம்.

கணக்கு விளையாட்டின்போது அப்பா இன்னொன்றும் சொல்வார். "எங்கப்பா ஜூ சீச்சி" என்பார். பதினேழு. அது ஏதோ வீட்டு நம்பர் என்று நான் நினைத்திருந்தேன். லாரிக் கதையும் எனக்குத் தெரியும், கணக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு நாற்பத்தொன்பது வயதாகி, டெக்சாஸில் நீச்சல் குளத்துக்கு ஒரு ஜப்பான்காரர் வர வேண்டியிருந்தது. வேலியோரம் நின்ற பிள்ளைகள், லாரி போனதும் அதே இடத்தில் நின்று அதே மாதிரி கத்தி விளையாடியிருக்கிறார்கள். அப்பாவுக்கு இது தெரியாமல் இருக்காது. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்கவும் இப்போது அவர் இல்லை.

தாத்தாவை எண்ணி ஏற்றிய கணக்கை நான் சிரித்துக்கொண்டே உங்கள் வாயில் போட்டிருக்கிறேன். தடுமாறினால் குட்டு. அந்த வரிசையில் தடுமாறியவனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் குளத்தில் ஒன்று, இரண்டு என்று தமிழில் எண்ணச் சொன்னேன். பிள்ளைகள், "போர் அடிக்குது அங்கிள்" என்றார்கள்.

அன்றிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் வேனில் உட்கார்ந்து போனில் படிக்க ஆரம்பித்தேன். நான் ஐ.டி.ஐ. படித்தவன், நம் அபார்ட்மென்டுக்கே ஏ.சி. மெக்கானிக். சரித்திரம் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் கோபம் வந்தால் படிப்பும் வருகிறது. ஜப்பானில் பாடப் புத்தகத்தை அரசாங்கம் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குப் போகுமாம். அதில் படையெடுத்தோம் என்ற வார்த்தையை மாற்றி முன்னேறினோம் என்று எழுதச் சொன்னதாகப் பெரிய சண்டை நடந்திருக்கிறது. சீனாக்காரன் கத்தினான். கொரியாக்காரன் கத்தினான். நமக்காக யார் கத்தியது? தோட்டத்துக் கூலிக்குத் தூதர் உண்டா? எனக்கு அந்த ஊர்ப் புத்தகம் எழுதியவனைப் பிடித்து, வெயிலில் நிறுத்தி, எண்ணச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வாரக்கணக்கில் இதே நினைப்புத்தான். கம்ப்ரசரைக் கழற்றும்போதும் இதே நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் உங்களை விட்டுவிட்டு வெளியே நிற்கும்போது, சாஃப்ட்வேரில் இருக்கும் மதுரைத் தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னேன்.

"அண்ணே, இப்ப ஜப்பான் நம்ம சைடுண்ணே" என்றார். "நம்ம நேவியும் அவங்க நேவியும் சேந்து எக்சர்சைஸ் பண்றாங்க. அவன் இப்ப லாங் ரேஞ்ச் மிசைல் எல்லாம் வாங்குறான். சைனாவ கன்ட்ரோல் பண்ணணும்னா அவன் ஸ்ட்ராங்கா இருக்கணும். நமக்குத்தான சேஃப்டி."

"வாங்கட்டும் தம்பி. அதுக்கு முன்னாடி அந்த லாரிக்குப் பதில் சொல்லட்டும்."

"எய்ட்டி இயர்ஸ் ஆச்சுண்ணே. இன்னுமா?"

"உங்க தாத்தா எங்க செத்தாரு?"

"மதுரைலதான். வீட்ல."

"அப்ப உனக்கு எய்ட்டி இயர்ஸ் ஆயிருக்கும். எனக்கு ஆகல."

அவர் காபி வாங்கி வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை.

பாப்பா, அதே வாரம்தான் உனக்கு அந்த ப்ராஜெக்ட் வந்தது. உலகப்போரில் உங்கள் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று எழுதி, கிளாஸில் பேச வேண்டும். உன் சரித்திரப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். தலையணை கனம். சயாம் ரயில் பாதைக்கு ஒரே ஒரு வரி. வெள்ளைக்காரக் கைதிகள் செத்தார்கள், கூடவே லோக்கல் லேபரர்ஸ். நாம் அங்கே லோக்கலும் இல்லை. கடல் தாண்டிப் போனவர்கள். இந்த நாட்டுப் புத்தகமும் நம்மை அரை வரியில் முடித்துவிட்டது.

என் தாத்தாவைப் பற்றி எழுது என்று சொன்னேன். நீயும் ஆசையாகத்தான் ஆரம்பித்தாய். மூன்றாம் நாள் வந்து நின்றாய்.

"அப்பா, டீச்சர் சோர்ஸ் கேக்கறாங்க. டாக்குமென்ட், லெட்டர், ஃபோட்டோ, எனிதிங்."

"எங்கப்பா கண்ணால பாத்தாரு. அது பத்தாதா?"

"பட் ஹி இஸ் டெட், அப்பா. இப்ப நீங்கதான் சொல்றீங்க. யூ வேர் நாட் தேர்."

"சோர்ஸ் இல்லேன்னா?"

"வேற டாபிக் எடுக்கணும். மண்டே லாஸ்ட் டேட்."

என்னிடம் என்ன இருக்கிறது? இந்த நாட்டில் என் லாஸ்ட் நேம் என் அப்பா பெயர். உங்களுடையது என் பெயர். அப்பாவின் இனிஷியலில் ஓர் எழுத்தாக இருந்த தாத்தா, நம் வீட்டுப் பாஸ்போர்ட், கிரீன் கார்டு எதிலும் இல்லை. எண்ணி ஏற்றியவனிடம்தான் கணக்கு இருந்திருக்கும். அவனுடைய ஆட்களில் ஒருவன் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் அது சோர்ஸ். இப்படித்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நல்ல எண்ணம் என்று நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் போனில் ஒரு வேலை வந்தது. மூன்றாவது பில்டிங், இரண்டாவது மாடி, ஏ.சி. ஓடவில்லை. மே மாதம்தான், ஆனால் வெளியே நூறு டிகிரி. போய் வெளி யூனிட்டைத் திறந்து பார்த்தேன். கெப்பாசிட்டர் தலை வீங்கிக் கிடந்தது. அது மோட்டாரைக் கிளப்பிவிடும் சாமான், ஒரு சோடா டின் அளவு. பத்து நிமிஷ வேலை. வேனில் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். கதவைத் திறந்தவர் அதே ஜப்பான்காரர். கழுத்தில் ஈரத் துண்டு.

"பார்ட் வர வேண்டும். நாளைக்கு" என்றேன்.

அவர் நன்றி சொன்னார். பொய்யைச் சொல்லும்போது எனக்கு நாக்குக் கூசவில்லை. படி இறங்கும்போது வெயில்கூட இதமாக இருந்தது.

சாயங்காலம் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன்.

"ஏங்க, பெட்டி நெறய வச்சிருக்கீங்களே, அந்த சாமான்தான?"

"ஆமா."

"இருந்தும் போடாம வந்தீங்களா?"

"ஒரு ராத்திரி வேகட்டும்."

"அந்தாளு என்னங்க பண்ணுனாரு? அவரு அப்ப பொறக்கவே இல்ல."

"எங்கப்பாவும் ஒண்ணும் பண்ணல. ஏழு வயசு."

அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். "ஹீட் ஸ்ட்ரோக்னு எங்க வார்டுக்கு வந்தா யாரு ட்ரிப்ஸ் போடுறது? நீங்க பழி வாங்குவீங்க, நான் பெட்பேன் எடுக்கணும். நல்லாருக்கு நியாயம். மேனேஜருக்குத் தெரிஞ்சா வேலயும் போயிரும்."

"போகட்டும்."

"ஆமா, நீங்க போகட்டும்பீங்க. என் நைட் ஷிஃப்டு இருக்கற தைரியம்."

அப்படியும் நான் போய்ப் போட்டுவிட்டு வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் போனேன். அவர் மனைவியும் மகனும் ஏ.சி. குளிருக்காக லைப்ரரிக்குப் போயிருந்தார்கள். அவர் மட்டும் பனியனோடு லேப்டாப் முன்னால் இருந்தார். மேஜை விசிறி அனலைச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கெப்பாசிட்டரை மேஜை மேல் வைத்தேன்.

"பார்ட் வந்துவிட்டதா?"

"நேற்றே இருந்தது."

அவருக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொன்னேன். அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர் தோட்டம், மூன்று மாதம், வரிசை, லாரி, பதினேழு. குளத்தில் பிள்ளைகள் கத்தியது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா என்று கேட்டேன். முகத்தைத் துடைக்கத் தூக்கிய துண்டு அப்படியே நின்றது.

"எங்கள் ஸ்கூலில் சரித்திரத்தைப் பழைய காலத்திலிருந்து வரிசையாக நடத்துவார்கள்" என்றார். "யுத்தம் கடைசியில். மார்ச்சில் வருஷம் முடிந்துவிடும். அந்தப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் சொன்னார்."

"படித்தீர்களா?"

"பரீட்சையில் வராது."

இதை அவர் திமிராகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. திமிர் பிடித்தவனாக இருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"எனக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்" என்றேன். "அப்புறம் ஏ.சி."

அவர் லேப்டாப்பை மூடினார். அவர் கம்பெனி போர் விமானத்துக்கு ஏதோ பாகம் செய்கிறது என்றும், தன் நாட்டுப் பாதுகாப்புப் படைக்காக வந்து அதைப் பரிசோதிப்பது தன் வேலை என்றும் சொன்னார். "அரசாங்கம் சம்பந்தப்பட்ட வேலை. இப்படி ஒரு காகிதத்தில் என் பெயர் இருந்தால் கேள்வி வரும்."

"என் தாத்தாவும் வேலைக்குத்தான் போனார்."

அவர் போனை எடுத்து அவர் பாஷையில் எதையோ தேடினார். படித்தார், விரலால் தள்ளினார், மறுபடி படித்தார். நான் கெப்பாசிட்டரை உருட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில், "எங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்கள். வாத்தியார்கள், பத்திரிகைக்காரர்கள். நான் தேடியதில்லை" என்றார். போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்தார்.

மேலே ஜப்பானிய எழுத்து, கீழே இங்கிலீஷ். முதலில் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். யுத்த காலத்தில் பல ஆசிய மக்கள் மிகுந்த துன்பம் அனுபவித்தார்கள் என்று இருந்தது.

"துன்பம் மழை மாதிரி தானாக வந்ததா?" என்றேன். "யார் செய்தது?"

இரண்டாவது தாளில் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள் என்று எழுதினார். யார் கொண்டுபோனது என்று மறுபடி கேட்டேன். பேனா தாளைத் தொட்டபடியே நின்றது. அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து மை கலைந்தது. மூன்றாவது தாள் எடுத்தார். ஜப்பானிய ராணுவம் மலேயாவின் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஏமாற்றியும் கட்டாயப்படுத்தியும் கொண்டுபோனது, மிகப் பலர் இறந்தார்கள், இந்தப் பிள்ளைகள் சொல்லும் எண்ணிக்கை எங்கள் ராணுவத்தின் வரிசை எண்ணிக்கை, இதை நான் பள்ளியில் படிக்கவில்லை. இந்தக் கடைசி வரியை நான் கேட்கவில்லை, அவரே எழுதினார். இருக்கட்டும் என்று விட்டேன்.

அப்புறம் தாத்தாவின் பெயரைக் கேட்டார். அவர் எழுத்தில் எழுதி வாசித்தார், அது வேறு யாரோ பெயர் மாதிரி இருந்தது. பேனாவை வாங்கி, பழைய தாளில் தமிழில் எழுதிக் காட்டினேன். இதைப் பார்த்து எழுதுங்கள் என்றேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். கொம்பு இடம் மாறிவிட்டது. இன்னொரு முறை என்றேன். சுழி தலைகீழாகிவிட்டது. இன்னொரு முறை. ஆறு தடவை எழுத வைத்தேன், கடைசித் தடவை அந்த மூன்றாவது தாளிலேயே. நாலாவதே போதும், படிக்கிற மாதிரி வந்துவிட்டது. ஐந்தாவதும் ஆறாவதும் எனக்காக. அறைக்குள் நூறு டிகிரி இருக்கும். எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி வாழ்க்கையில் இருந்ததில்லை.

கையெழுத்துப் போட்டார். தாளை மடிக்காமல் வேனில் சீட் மேல் வைத்துவிட்டு வந்து, பத்து நிமிஷத்தில் ஏ.சி.யை ஓட வைத்தேன். அவர் மேனேஜரிடம் புகார் செய்வார் என்று இரண்டு வாரம் எதிர்பார்த்தேன். செய்யவில்லை. செய்திருந்தால் எனக்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும், வெறுப்பதற்கு.

பாப்பா, திங்கட்கிழமை நீ அதைக் கொடுத்தாய். கிளாஸில் பேசும் நாளில் டீச்சர் ஜப்பானிய எழுத்தில் இருந்த மேல்பாதியை வாசிக்க ஆள் உண்டா என்று கேட்க, அவருடைய பையன் கை தூக்கினானாம். நீ வந்து சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"அவன் நல்லாத்தான் படிச்சான்பா. எண்ட்ல சிக்னேச்சர் பாத்தான். தென் ஹி ஜஸ்ட் ஸ்டாப்ட்."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"வொய் டு யூ வான்ட் டு நோ தட்?"

"சொல்லு."

"ரெட். லைக், ரியலி ரெட். ஐ ஃபெல்ட் சோ பேட், அப்பா."

உனக்குப் பாவமாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு மகன் அப்பாவிடம் போய், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டிருப்பான். நான் என் அப்பாவிடம் கேட்க முடியாமல் போனதை அவன் கேட்டிருப்பான். அந்த வீட்டில் சாப்பாடு இறங்கியிருக்காது. இறங்கக் கூடாது. ஒரு ராத்திரி வேர்வை, ஒரு தாள், ஒரு பையனின் சிவந்த முகம். லாரி நிறைய ஆட்களுக்கு இது ஈடாகாது என்று எனக்குத் தெரியும். கிடைத்தது இவ்வளவுதான். கிடைத்ததை விடவில்லை.

உங்கள் டீச்சர் அதைச் சோர்ஸ் என்று ஒப்புக்கொண்டு, வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார். தாத்தா பெயர் ஆறாவது தடவை எழுதியபடி அங்கே இருக்கிறது. தமிழ் எழுத்தை அந்த வகுப்பில் யாரும் படிக்க முடியாது, உன்னைத் தவிர.

போன வாரம் நாம் மூவரும் பார்க்கிங்கில் நடந்தபோது அவர் எதிரே வந்தார். கையில் இருந்த பைகளைத் தரையில் வைத்துவிட்டு, இடுப்பு வரை குனிந்தார். அந்த மாதிரி அவர் தினமும் செய்கிறார், என் வேனைப் பார்த்தாலே செய்கிறார். நான் நிமிர்ந்து நின்றேன்.

"அப்பா, யூ ஹேவ் டு டு இட் பேக்" என்று கிசுகிசுத்தாய். "தட்ஸ் ரூட்."

"தெரியும்."

அப்போது நீயே அவர் பக்கம் திரும்பிக் குனிந்தாய். அதைப் பார்த்துத் தம்பியும் குனிந்தான். நான் உங்களைத் தடுக்கவில்லை, இனிமேலும் தடுக்க மாட்டேன். ஆனால் எனக்கும் சேர்த்துக் குனிந்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் இரண்டு பேருடையது மட்டும்.